கௌதள்ளிக்கும் மைசூருக்கும் நடுவில் ஒரு புள்ளி

ஜனவரி 9, 2025 – வியாழன்

பத்தாவது ‘பி’ பிரிவில் இன்று பிரிவுச் சூத்திரம் ஆரம்பித்தேன். ஒரு கோட்டுத்துண்டு. அதன் இரண்டு முனைகளும் எங்கே இருக்கின்றன என்று தெரியும். அதை இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு இரண்டு என்று ஏதோ ஒரு விகிதத்தில் பிரிக்கிற புள்ளி எங்கே இருக்கும்? இவ்வளவுதான் விஷயம். இருபத்தாறு வருஷமாக நடத்துகிறேன், இருபத்தாறு வருஷமாக ஒரே தப்பைத்தான் திருத்துகிறேன். விகிதத்தின் முதல் எண்ணை முதல் முனையோடு பெருக்கிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். முதல் எண் மறுமுனையோடு, இரண்டாவது எண் முதல் முனையோடு. குறுக்கே பெருக்கணும், குறுக்கே. போர்டில் இரண்டு அம்புக்குறி போட்டு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ‘குறுக்கே’ என்று சொல்லும்வரை விடவில்லை.

அஷ்வினி மட்டும் எழுந்து, “ஏன் மிஸ் குறுக்கே?” என்றாள். சூத்திரம் அப்படி, உட்கார் என்றேன். பப்ளிக் பரீட்சைக்கு மூன்று மாதம்கூட இல்லை. இப்போது போய் ஏனாம், ஏன்.

வீட்டில் வேறு கணக்கு. ஷெர்லியின் கல்யாணம், எங்கே நடத்துவது என்பதில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. மாப்பிள்ளை டேவிஸ் தங்கமான பையன். இவள் நர்ஸாக இருக்கிற ஆஸ்பத்திரியிலேயே லேப் டெக்னீஷியன். அவனுடைய அப்பா சூசைநாதனுக்குக் கௌதள்ளியில் மஞ்சள் மண்டி. கல்யாணம் கௌதள்ளிக் கோவிலில்தான் என்கிறார். பெண் வீட்டுக் கோவிலில், மைசூரில்தான் என்கிறேன் நான். மூன்று வாரமாகப் போனில் மிகுந்த மரியாதையோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். நேற்று அவர், “அப்படின்னா யோசிக்க வேண்டியதுதானுங்க” என்றார். அந்த ‘யோசிக்க’ எனக்குப் பிடிக்கவில்லை. ஷெர்லி இரண்டு நாளாகத் தட்டில் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போகிறாள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருகிறார்கள். அன்றைக்கும் முடியாவிட்டால் சம்பந்தமே முறிந்துவிடும்போல் இருக்கிறது.

ஜனவரி 12 – ஞாயிறு

முடிந்தது. நான் முடித்துவைத்தேன்.

பூசை முடிந்து பதினோரு மணிக்கு வந்தார்கள். காபி ஆறுவதற்குள் பழைய இடத்துக்கே வந்துவிட்டோம். “எங்க சனம் இருநூறு பேருங்க. அத்தனை பேரையும் நூறு கிலோமீட்டர் எப்படிங்க கூட்டியாறது?” என்றார் சூசைநாதன். எங்கள் பக்கம் நானூறு என்றேன். லாய்ட், என் வீட்டுக்காரர், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். யாராவது குரலை உயர்த்தினால் மின்விசிறியைப் பார்ப்பார். இன்றைக்கு அரைமணி நேரம் பார்த்தார். ஷெர்லி சமையலறை வாசலில் அழுகிற முகத்தோடு நின்றாள். டேவிஸ் கையில் ஒரு பிஸ்கெட்டை வைத்துக்கொண்டு கடிக்கப் பயந்து உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. “உங்க ஊரும் வேணாம், எங்க ஊரும் வேணாம். நடுவுல வச்சுக்கலாம். சரிபாதியில இல்ல, ஆள் கணக்குப்படி. கூட்டம் எவ்வளவோ அந்த விகிதத்துல பிரிச்சா ஒரு புள்ளி வரும். அது எங்க வருதோ அங்க. அப்புறம் ரெண்டு பேரும் மறுபேச்சுப் பேசக் கூடாது” என்றேன்.

சூசைநாதன் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவர், ஆனால் ஏமாறுகிற ஆள் இல்லை. “கணக்கு யார் பக்கமும் சாயாதுங்களே?”

“சாயாது.”

“அப்படின்னா எல்லார் முன்னாலயும் போடுங்க.”

கிராஃப் தாள் என் பையில் எப்போதும் இருக்கும். போனில் மேப் பார்த்தேன். மைசூரிலிருந்து கௌதள்ளி கிழக்கே எண்பத்துநாலு கிலோமீட்டர், தெற்கே இருபத்துநாலு. மைசூரை (10, 40) என்று வைத்தேன், கௌதள்ளி (94, 16). எங்கள் கூட்டம் இரண்டு பங்கு, அவர்கள் கூட்டம் ஒரு பங்கு. இரண்டுக்கு ஒன்று. எட்டுப் பேர் என் பென்சிலையே பார்க்கிறார்கள். குறுக்கே பெருக்கி, கூட்டி, மூன்றால் வகுத்தேன். (66, 24). பின்னமே இல்லாமல் சுத்தமாக வந்தது. புள்ளி கொள்ளேகாலையும் தாண்டி ஹனூர் ரோட்டில் போய் உட்கார்ந்தது. நேர்கோட்டில் எங்களுக்கு ஐம்பத்தெட்டு கிலோமீட்டர், அவர்களுக்கு இருபத்தொன்பது.

எனக்கே ஒரு நொடி என்னவோ உறுத்தியது. ஆனால் அதற்குள் சூசைநாதன் எழுந்து நின்றுவிட்டார். கண் கலங்கியிருந்தது. “பொண்ணைக் குடுக்கறவங்க இவ்வளவு எறங்கி வருவீங்கன்னு நான் நெனைக்கலைங்க, சம்பந்தியம்மா” என்று கும்பிட்டார். அந்த மாதிரி ஒரு கும்பிடு வந்த பிறகு உறுத்தலையெல்லாம் யார் தேடிக்கொண்டிருப்பார்கள். கணக்குக்கு என் வீடு, உங்கள் வீடு என்று கிடையாது என்று சொல்லிவைத்தேன். டேவிஸ் பிஸ்கெட்டைக் கடித்தான். ஷெர்லி மத்தியானம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஜனவரி 13 – திங்கள்

லாய்ட் காலையில் டீயை ஆற்றிக்கொண்டே, “நானூறு பேரு தூரமா போறோம், இருநூறு பேரு கிட்டத்துல வர்றாங்க. இது எப்படி ஜேன் நியாயம்?” என்றார். விகிதம் என்றேன்.

ஜனவரி 14 – செவ்வாய்

சங்கராந்தி லீவு. ஸ்கூட்டரில் புள்ளியைப் பார்க்கப் போனோம். கொள்ளேகால் தாண்டி ஆறு கிலோமீட்டர். என் (66, 24) ஒரு மல்பெரித் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது.

நான் கிராஃப் தாளும் போனும் கையுமாக வரப்பில் நிற்க, லாய்ட் இரண்டு கையையும் நீட்டித் திசை காட்டிக்கொண்டிருந்தார். தோட்டக்காரர் லிங்கப்பன் மாட்டுக்குக் கொம்பில் வண்ணம் பூசிக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு ஓடி வந்தார். ரோட்டை அகலப்படுத்த அளக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். இது தாத்தா காலத்து நிலம், எதிர்ப்பக்கம் அளந்தால் எதிர்ப்பக்கத்துக்காரன் ஒன்றும் சொல்லமாட்டான் என்று கன்னடத்தில் கெஞ்சினார். கல்யாணத்துக்கு இடம் பார்க்க வந்தோம் என்று சொன்னோம். “இங்கேயா?” என்று மல்பெரிச் செடிகளைப் பார்த்தார். பிறகு எங்களை இன்னும் மோசமாகப் பார்த்தார்.

அவர் மனைவி எள்ளும் வெல்லமும் கொப்பரையும் கலந்து ஒரு பொட்டலம் கொடுத்தார். அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறதாம். பார்த்தோம், நன்றாகவே இருக்கிறது. கொள்ளேகால் கோவிலில் பூசை, இங்கே சாப்பாடு. ஏப்ரல் 28, ஈஸ்டர் முடிந்து எட்டாம் நாள். பேசிவிட்டு வந்தோம். வரும்போது முதுகு விட்டுப்போனது. லாய்ட் ஸ்டாண்ட் போட்டுவிட்டு, “நானூறு முதுகு” என்று மட்டும் சொன்னார். காதில் விழாத மாதிரி உள்ளே போனேன்.

ஜனவரி 19 – ஞாயிறு

சூசைநாதன் போன் பண்ணினார். அவருக்கு இன்னொரு பிடிவாதம் இருந்தது, அதை நான் இங்கே எழுதப் பயந்து எழுதாமல் இருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு டேவிஸ் வேலையை விட்டு மண்டியைப் பார்க்க வேண்டும், ஷெர்லியும் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுக் கௌதள்ளிக்கு வந்துவிட வேண்டும் என்பது. அவள் ஐ.சி.யூ.வில் சேர எவ்வளவு பாடுபட்டாள் என்று எனக்குத்தான் தெரியும்.

இன்று அவராகவே சொல்கிறார்: “நீங்க ரெண்டு பங்கு எறங்கி வந்தீங்க. நான் ஒரு பங்காவது எறங்க வேண்டாமுங்களா? பிள்ளைங்க மைசூர்லயே இருந்துக்கட்டும். வேலைய விட வேண்டாம்.”

ஷெர்லி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “ஹௌதா மம்மி? ஹௌதா?” என்று நாலு தடவை கேட்டாள். நிஜம்தான்டி என்றேன். ஒரு சூத்திரம் என்னவெல்லாம் செய்கிறது. நாளைக்கு வகுப்பில் சொல்ல வேண்டும், வாழ்க்கையில் இதெல்லாம் எங்கே மிஸ் உதவும் என்று கேட்கிறவர்களுக்கு.

ஜனவரி 30 – வியாழன்

லாய்ட் இன்று பின்கட்டில் ஒரு பழைய ஸ்டீல் பைப்பை எடுத்து, ஒரு முனையில் தண்ணீர் வாளியும் மறுமுனையில் சின்ன வாளியும் மாட்டி, சமமாக நிற்கிற இடத்தில் கைகொடுத்துத் தூக்கிக் காட்டினார். “பாரு. கனம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் கை போகுது. கூட்டம் அதிகம்னா புள்ளி நம்ம பக்கம்தானே வரணும்?”

ஒர்க்‌ஷாப் வேறு, ஆயத்தொலை வடிவியல் வேறு என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பைப்பைக் கீழே வைத்து, சிந்தின தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, பஸ்காரருக்குப் போன் பண்ணப் போய்விட்டார். நானூறு பேருக்கு எட்டு பஸ்.

பிப்ரவரி 11 – செவ்வாய்

முதலிலிருந்து எழுதுகிறேன்.

பள்ளியில் பிரிபரேட்டரி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது கேள்வி பிரிவுச் சூத்திரம். இருபத்துமூன்று பேர் எண்களை மாற்றிப் போட்டிருந்தார்கள். இருபத்துமூன்று பேருக்கும் அரை மார்க் வெட்டி, ‘எத்தனை தடவை சொல்வது’ என்று சிவப்பில் எழுதினேன். பிறகு அஷ்வினியின் தாள் வந்தது. விடை சரி. பக்கத்தில் ஒரு படமும் போட்டு, கேட்காத விளக்கமும் எழுதியிருந்தாள்: ‘விகிதத்தின் முதல் எண் m என்பது முதல் முனையிலிருந்து புள்ளி வரைக்கும் உள்ள தூரம். m பெரிதானால் புள்ளி முதல் முனையைவிட்டு விலகி மறுமுனைக்குப் போகும். அதனால்தான் m மறுமுனையோடு பெருக்கப்படுகிறது.’

நல்லது, அன்றைக்குக் கேட்டதற்குத் தானே விடை கண்டுபிடித்துவிட்டாளே என்று டிக் போடப் போனேன். பேனா பாதியில் நின்றுவிட்டது.

m என்பது தூரம். நான் m என்று போட்டது கூட்டத்தை.

கூட்டம் இரண்டு பங்கு என்றால் தூரம் ஒரு பங்கு. எங்கள் இரண்டு மைசூரோடு போயிருக்க வேண்டும். நான் அதைத் தூக்கிக் கௌதள்ளிக்குக் கொடுத்துவிட்டேன். ஏன்? குறுக்கே, குறுக்கே என்று இருபத்தாறு வருஷமாகக் கத்திக் கத்தி, கை தானாகக் குறுக்கே போய்விட்டது. கணக்கே தெரியாதவர் யாராவது போட்டிருந்தால் இரண்டை மைசூர் பக்கம் போட்டு சரியாக முடித்திருப்பார். இந்தத் தப்பைச் செய்ய ஒரு கணக்கு டீச்சர் வேண்டியிருந்தது.

சரியான புள்ளி (38, 32). டி. நரசீபுரத்துக்குப் பக்கம். இங்கிருந்து முப்பது கிலோமீட்டர்.

ஸ்டாஃப் ரூமில் யாரோ வடை வாங்கிவந்து நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். எனக்கு உடம்பு சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

பிப்ரவரி 12 – புதன்

நாலு தடவை போட்டுப் பார்த்தேன். நாலு தடவையும் நரசீபுரம்.

பிப்ரவரி 15 – சனி

சொல்லிவிடலாமா? சொன்னால் சூசைநாதன் என்ன செய்வார்? நான் இறங்கி வந்ததாக நினைத்துத்தானே ஷெர்லியின் வேலையை விட்டுக்கொடுத்தார். இறங்கி வரவில்லை, தடுக்கி விழுந்தேன் என்று தெரிந்தால் அதையும் திரும்ப வாங்கிக்கொள்வாரோ? சொல்லாவிட்டாலோ, ஒருவரை ஏமாற்றி வாங்கின மாதிரி ஆகிறது. என் பெண்ணுடைய வேலை ஒரு தப்புக் கணக்கின் மேல் நிற்கிறது.

சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். புது ஃபாதர், சின்ன வயது. விகிதத்தை மாற்றிப் போட்டுவிட்டேன் ஃபாதர் என்றேன். எந்த விகிதத்தை என்றார். தட்டிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கிராஃப் இல்லாமல் பிரிவுச் சூத்திரம் விளக்குவது சுலபம் இல்லை. எனக்குப் பின்னால் வரிசையில் ஆறு பேர். கடைசியில் அவர், “தெரிஞ்சே பண்ணீங்களா?” என்றார். இல்லை. “அவங்க கும்பிட்டப்ப சந்தோஷமா இருந்துச்சா?” ரொம்ப. “அதுக்கு மூணு அருள் நிறைந்த மரியே சொல்லுங்க. கணக்குக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது, சம்பந்திகிட்டயே போங்க” என்றார்.

மூன்றும் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 22 – சனி

லாய்டிடம் ஒரு டீச்சரின் தாயாரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு (இதற்குத் தனியாக மரியே சொல்ல வேண்டும்) ஏழு மணி பஸ்ஸில் கௌதள்ளிக்குப் போனேன். கிராஃப் தாள், பென்சில், அளவுகோல் எல்லாம் எடுத்துப் போனேன். மண்டியில் மஞ்சள் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார் சூசைநாதன். மறுபடி போட்டுக் காட்டினேன். இது பழைய புள்ளி, இது சரியான புள்ளி, இடையில் இருபத்தொன்பது கிலோமீட்டர், எல்லாம் என் தப்பு.

அவர் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் மண்டிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இதை வேற யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?”

“ஃபாதர்கிட்ட மட்டும்.”

“அவரு சொல்லமாட்டாரு.” பெருமூச்சு விட்டார். “சம்பந்தியம்மா, எனக்கும் என் தம்பிக்கும் பதினாறு வருஷமாப் பேச்சு இல்லைங்க. வரப்புத் தகராறு. நீங்க கணக்குப் போட்டுக் குடுத்த மறுவாரம், பொண்ணைக் குடுக்கறவங்களே அவ்வளவு எறங்கறாங்க, நான் ஒரு முழம் எறங்கக் கூடாதான்னு நானே அவன் வீட்டுப் படி ஏறிட்டனுங்க. ஊரே கூடி அழுதுச்சு. இப்பப் போயி, அது பெரிய மனசு இல்ல, பெருக்கல் தப்புன்னு சொன்னா என் நெலமை என்னங்க ஆகறது?”

நான் இதை எதிர்பார்க்கவில்லை. கோபப்படுவார், கத்துவார் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன்.

“நீங்க கணக்கு டீச்சருங்க. தப்புப் பண்ணமாட்டீங்க. எங்க ஊரைப் பொறுத்தவரைக்கும் அப்படியே இருந்துக்கங்க. உங்க வீட்டுல சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்.”

ஷெர்லி வேலை, என்று இழுத்தேன். “சொன்னது சொன்னதுதானுங்க. அதுக்கெதுக்குக் கிராஃபு?” என்றார். ஒரு கிலோ மஞ்சள் கொடுத்தனுப்பினார்.

பஸ்ஸில் வரும்போது அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, தப்பு பண்ணிவிட்டேன் என்று சொல்லப் போனேன். பண்ணவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 2 – ஞாயிறு

லாய்டிடம் இன்று சொல்லலாம் என்று இருந்தேன். மீன் குழம்பு ரொம்ப நன்றாக வந்திருந்தது, சந்தோஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 9 – ஞாயிறு

சொல்லவில்லை. பஸ்காரரோடு அரைமணி நேரம் போனில் இருந்தார். காரணம் இல்லை, சாக்கு. எனக்கே தெரிகிறது.

ஏப்ரல் 6 – ஞாயிறு

இன்று கோவிலில் கல்யாண அறிவிப்பின் இரண்டாவது ஓலை வாசித்தார்கள். ஷெர்லி பெயரைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பூசை முடிந்து வெளியே வந்தால் ஈவ்லின் அண்ணி. லாய்டின் அக்கா, ரிட்டயர்ட் நர்ஸ். ஷெர்லி பிறந்தபோது லேபர் வார்டில் முதலில் கையில் வாங்கியது இவர்தான். தேய்ந்த முட்டி இரண்டோடும் தடியூன்றி நின்றுகொண்டு தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “முப்பது கிலோமீட்டர்னா எப்படியாவது வந்துருவேன்டா. அறுபதுக்கு மேல கார்லகூட இந்தக் காலு மடங்கி உக்காராது. யாருடா அந்தக் காட்டுல வைக்கச் சொன்னது?”

முப்பது என்றார். சரியாக முப்பது.

நான் தூணுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அவர்களுக்குத் தெரியாது. லாய்ட் சொன்னது: “ஜேன் கணக்குல தப்பு வராது அக்கா. அவ போட்டா சரியாத்தான் இருக்கும்.”

“நீ அவ சொல்றதுக்கெல்லாம் தலையாட்டு” என்றுவிட்டு அண்ணி போய்விட்டார். அவர் தடியை ஊன்றிப் படி இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம், தூணுக்கு இரண்டு பக்கத்திலும்.

பைப்பில் வாளி மாட்டிக் காட்டின மனுஷன். அவருக்குத் தெரியும், நான் தப்பு என்று. தெரிந்தும் அக்காவிடம் விட்டுக்கொடுக்கவில்லை. ஐயோ ஜேன், நீ என்ன ஜென்மம்.

ஏப்ரல் 29 – செவ்வாய்

நேற்று கல்யாணம் ஆயிற்று. ஷெர்லி அழகாக இருந்தாள். டேவிஸ் மோதிரம் போடும்போது விரல் மாறிப் போட்டு, ஃபாதர் சிரித்துவிட்டார்.

எட்டு பஸ்ஸில் நாலு பஸ் ஆள் இல்லாமல் கிளம்பவே இல்லை. திங்கட்கிழமை, வெயில், அவ்வளவு தூரம் என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே போன் மேல் போன். என் பள்ளியிலிருந்து வந்தது மூன்று பேர். ஈவ்லின் அண்ணி வரவில்லை. முதல் வரிசையில் அவருக்கு என்று ஒரு மெத்தை நாற்காலி லாய்ட் போட்டிருந்தார். யாரையும் அதில் உட்காரவிடவில்லை. ஷெர்லி போட்டோவுக்கு நிற்கும்போதெல்லாம் அந்த நாற்காலியைப் பார்த்தாள்.

ஆனால் கௌதள்ளியிலிருந்து வந்தார்கள் பாருங்கள், வந்துகொண்டே இருந்தார்கள். பக்கம்தானே என்று டிராக்டர், டெம்போ, பைக். சூசைநாதனின் தம்பி தன் பங்காளிகள், சம்பந்திகள், அவர்களுடைய சம்பந்திகள் எல்லாரையும் கூட்டி வந்துவிட்டார். பதினாறு வருஷத்து விருந்தை ஒரே நாளில் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே இலைக்கு மாற்றி மாற்றிப் பாயசம் ஊற்றினார்கள். அவ்வளவு பேர் என்னிடம் வந்து, “நீங்கதானுங்க அந்தக் கணக்கு டீச்சர்?” என்று கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். வேறு என்ன செய்ய.

தூரத்துக்காரர்கள் முதல் பந்தியில் சாப்பிட்டுக் கிளம்பட்டும் என்று லாய்ட் டோக்கன் கொடுத்திருந்தார். மைசூருக்கு வெள்ளை, கௌதள்ளிக்கு மஞ்சள். சமையல்காரர் மாலையில் இரண்டையும் கட்டிக் கொடுத்தார். இன்று காலை மேஜையில் கொட்டி எண்ணினேன். வெள்ளை 204. மஞ்சள் 411.

பென்சிலை எடுத்தேன். இந்தத் தடவை 204-ஐ மைசூரோடு, 411-ஐக் கௌதள்ளியோடு, நிதானமாக. (66.1, 24).

அதே மல்பெரித் தோட்டம். நூறு மீட்டர் இப்படி அப்படி. வந்த கூட்டத்துக்கு அந்த இடம்தான் சரி. நான் தப்பாகப் போட்ட புள்ளியைத் தேடி ஜனம் தானே வந்து அதைச் சரியாக்கிவிட்டது.

இரண்டு தடவை சரிபார்த்தேன். முதலில் வந்தது நிம்மதிதான், பொய் சொல்லமாட்டேன். இந்தத் தாளை லாய்டிடம் காட்டினால் போதும். ‘பாருங்க, கணக்கு சரி’ என்று. அவரும் சரி என்பார். கதை முடிந்தது.

மடித்து டைரிக்குள் வைத்திருக்கிறேன்.

மே 4 – ஞாயிறு

மத்தியானம் டேவிஸும் ஷெர்லியும் சாப்பிட வந்தார்கள். இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துக் குடிபோயிருக்கிறார்கள். நாளைக்கு அவளுக்குக் காலை ஷிஃப்ட் என்று நாலு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். போகும்போது ஷெர்லி, “ஈவ்லின் ஆன்ட்டிக்கு நான் கல்யாணப் புடவையிலேயே போய்க் காட்டிட்டு வரட்டா மம்மி?” என்றாள். போ என்றேன்.

லாய்ட் ஈஸிசேரில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். டைரியிலிருந்து தாளை எடுத்தேன். டோக்கன் கணக்கை எடுக்கவில்லை. ஜனவரி 12-ந் தேதித் தாளை எடுத்தேன். மைசூர் பக்கம் ஒன்று, கௌதள்ளி பக்கம் இரண்டு என்று என் கையெழுத்தில் இருக்கிறதே, அது.

“ஏங்க. இது தப்பு. மாத்திப் போட்டுட்டேன். நரசீபுரம் வந்திருக்கணும். நீங்க பைப்புல காட்டினதுதான் சரி. எனக்குப் பிப்ரவரியிலேயே தெரியும்.”

அவர் பேப்பரை மடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மின்விசிறியைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

“பிப்ரவரியிலயா?”

“பதினொண்ணாந் தேதி.”

“சொல்லியிருக்கலாம்ல. அக்காவையாவது சமாதானம் பண்ணியிருப்பேன்.”

“தெரியும்.”

அவர் அந்தத் தாளையே திருப்பித் திருப்பிப் பார்த்தார், புரிந்த மாதிரி. இருபத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் நான் தப்பு, நீங்க சரி என்று ஒரே வாக்கியத்தில் சொன்னதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சிரிக்கவில்லை. போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தார்.

“நான் சொன்னா, உன்னைக் காப்பாத்தறதுக்குச் சொல்றேன்னு நெனைப்பா. நீயே சொல்லு.”

மறுமுனையில் ஈவ்லின் அண்ணி. பின்னால் ஷெர்லியின் குரல், டேவிஸின் குரல், இன்னும் யார் யாரோ. சொன்னேன். தப்பு என்னுது அண்ணி, முப்பது கிலோமீட்டர்ல வந்திருக்கணும், நீங்க வர முடியாமப் போனது என்னாலதான், மன்னிச்சுக்கங்க என்று ஒரே மூச்சில் சொன்னேன்.



“இரு ஜேன்” என்றார் அண்ணி. “ஸ்பீக்கர் போடறேன். இவங்களும் கேக்கட்டும். முதல்ல இருந்து சொல்லு.”

போட்டார். முதலிலிருந்து சொன்னேன்.